தொட்டியில் தூங்கினவர்

ஒரே ஒரு ஊரிலே, ஊர் என்று பலகை வைக்கிற அளவுக்குக்கூடப் பெரிதில்லாத ஒரு லைன்வீட்டு வரிசையிலே, பகலெல்லாம் ஒரு மனுசன் தூங்கினான், அவன் தூங்கி எழுகிற வரைக்கும் அந்த வரிசையே குரலைத் தாழ்த்திப் பேசியது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன், கேட்கிறவர்கள் கேளுங்கள், தூக்கம் வருகிறவர்கள் தூங்குங்கள், குற்றமில்லை.

அந்த வரிசை சாயப்பட்டறைகளுக்குப் பின்னால் இருந்தது. ஒரு சுவரை இரண்டு வீடு பங்குபோட்டுக்கொண்டு, ஒரு குழாயை எல்லா வீடும் பங்குபோட்டுக்கொண்டு, ஒட்டி ஒட்டி நின்ற ஓட்டு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கு மண். அந்த மண்ணில் எதுவும் வராது. தோண்டினால் முதலில் வெள்ளையாக உப்புப் பொருக்கு, அதற்குக் கீழே எந்தக் காலத்தில் எந்த நிறம் ஓடிவந்து ஊறியதோ அந்த நிறம், ஒரு சாண் போனால் ஊதா, இன்னொரு சாண் போனால் மெரூன். வெண்டை போட்டுப் பார்த்தவர்கள் உண்டு, பூசணி போட்டுப் பார்த்தவர்கள் உண்டு, முளைத்து இரண்டு இலை விட்டு மூன்றாவது இலைக்கு யோசித்துக்கொண்டிருக்கும்போதே கருகிவிடும். அதனால் பின்பக்கத்தைத் துணி காயப்போட என்று விட்டுவிட்டு, கீரைக்கும் கத்திரிக்காய்க்கும் தள்ளுவண்டிக்காரனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தூங்கினவர் பெயர் சென்னியப்பன். பட்டறையில் ராத்திரி ஷிப்ட், பாய்லருக்கு விறகு தள்ளுகிற வேலை. வெடியால வந்து, குளித்து, பழைய சோறு உண்டு, பின்பக்கத்து அறையில் ஜன்னலை ஒட்டிப் படுத்தார் என்றால், மரத்தை நிதானமாக அறுக்கிற மாதிரி ஒரு குறட்டை தொடங்கும். அது வரிசை முழுக்கப் போகும். வேறு ஊராக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள். இந்த வரிசையில் யாரும் வரவில்லை, ஏனென்றால் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் ராத்திரி முழித்து வேலை செய்கிறவர், பகல் தூக்கம் எவ்வளவு கஷ்டப்பட்டு வருகிறது என்று தெரிந்தவர். அதனால் சட்டினி அரைக்கிறவள் மிக்ஸியைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்து அரைத்தாள், பிள்ளைகள் காலுறையைச் சுருட்டிப் பந்தாக்கி சத்தமில்லாத கிரிக்கெட் ஆடினார்கள், தள்ளுவண்டிக்காரன் முக்கில் திரும்பும்போதே ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வீடுவீடாக வந்து "தக்காளிங்க" என்று காதில் ரகசியம் சொல்வதுபோலச் சொன்னான்.

பொழுது சாயும்போது அவர் மனைவி மயிலாத்தாள் எழுப்புவாள். மூன்று கூப்பாடு, அதற்கு மேல் கிடையாது. முதலில் "என்னங்க" என்பாள், குறட்டை தடுக்கும். அப்புறம் "வெளிச்சம் போயிருச்சுங்க" என்பாள், புரண்டு படுப்பார். கடைசியில் "வண்டி வந்துருச்சு, எந்திரிங்க" என்பாள், எழுந்து உட்கார்ந்து, தலைமாட்டிலிருக்கிற சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சோறு அடைத்த தூக்குப்போசியை வாங்கிக்கொண்டு முக்கில் நிற்கிற கம்பெனி வண்டிக்குப் போவார். அவர் போனபிறகு மயிலாத்தாள் கதவைச் சாத்திப் படுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரே நேரத்தில் தூங்கியதே இல்லை, ஒருத்தர் விட்ட பாயில்தான் இன்னொருத்தர் படுத்தார்கள், பாய் எப்போதும் சூடாகவே இருந்தது.

அப்படியிருக்கையில் சென்னியப்பன் ஒருநாள் போனில் ஒரு வீடியோ பார்த்தார். மண்ணே இல்லாமல் காய்கறி. கீழே ஒரு தொட்டியில் மீன், மேலே ஒரு தொட்டியில் ஜல்லிக்கல், ஜல்லியில் செடி. மீன் அழுக்குப் பண்ணின தண்ணீரைச் சின்ன மோட்டார் மேலே ஏற்றும், அந்த அழுக்கைச் செடி எடுத்துக்கொண்டு நல்ல தண்ணீரைக் கீழே விடும், மறுபடியும் மீன், மறுபடியும் மோட்டார். பார்த்து முடித்ததும் அவர் ஒரு நீலப் பிளாஸ்டிக் பேரலை வாங்கிவந்து படுக்கைவசத்தில் இரண்டாகப் பிளந்தார். வரிசையே வந்து வேடிக்கை பார்த்தது.

"என்னண்ணா, பேரலுக்கு ஆப்பரேசனா?" என்று கேட்டாள் பக்கத்துவீட்டு ருக்குமணி. வீட்டிலேயே பவர் மிஷின் போட்டு பனியன் தைக்கிறவள், கையும் வாயும் ஒரே வேகம்.

"சிரிங்க, சிரிங்க. தண்ணி எங்கயும் போகாது ருக்கு. சுத்திக்கிட்டேதான் இருக்கும். ஒரு குடம் ஊத்துனா வருசத்துக்கும் ஓடும்."

"அப்ப குழாயடியில சண்டையே வராதுன்னு சொல்லுங்க. எங்களுக்கு அப்பறம் பொழுதே போகாதே!"

ஜிலேபி மீன் குஞ்சுகளை ஒரு பையில் வாங்கிவந்தார். குழாயில் அன்றைக்குப் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருந்தது. அதே தண்ணீரைப் பிடித்து, அதே நாளில் குஞ்சுகளை விட்டு, பசிக்குமே என்று கை கையாகத் தீனியும் போட்டார். வெடியால வேலை முடிந்து வந்தபோது எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. "கொழம்புக்கும் ஆகாது, கொழுக்கட்டைக்கும் ஆகாது" என்று ருக்குமணி சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. தண்ணீரைத் திறந்த டிரம்மில் பிடித்து ஒருநாள் முழுக்க வெயில் பட வைத்து அப்புறம் ஊற்ற வேண்டும், தீனியைக் கிள்ளித்தான் போட வேண்டும், மீன் கழிவு உரமாகப் பழுக்க வாரங்கள் ஆகும், அதுவரைக்கும் பொறுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார், மறுபடி குஞ்சு வாங்கிவிட்டார், அவை பிழைத்துக்கொண்டன. ஜல்லியில் அரைக்கீரை விதையும் கத்திரி நாற்றும் வைத்தார். நாற்று செத்தும் போகவில்லை, வளரவும் இல்லை, காத்திருக்கிறவர்களைப் போல நின்றது.

ஒருநாள் பொழுதோட மயிலாத்தாள் மூன்று கூப்பாடும் கூப்பிட்டாள், சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை. சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

வரிசை அழுதது, சொந்தக்காரர்கள் அழுதார்கள், அவருடைய அக்கா பாப்பாத்தி ஊரிலிருந்து வந்து மண்ணில் புரண்டு அழுதாள். மயிலாத்தாள் அழவில்லை. கல்லாக இருக்கிறாள் என்றார்கள், அதுவும் இல்லை. யாராவது சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள், பல் பிடுங்க ஊசி போட்டபின் தன் கன்னத்தையே யாருடையதோபோலத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தூக்கமும் வரவில்லை. பாய் ஆறிப்போயிருந்தது.

அவர்கள் வழக்கத்தில் ஒன்று உண்டு. இறந்தவர் தலைமாட்டில் விளக்கும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைப்பார்கள். கருமாதி முடிந்ததும் அந்தத் தண்ணீரை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும், ஓடுகிற தண்ணீர் போகிற இடத்துக்குப் போனவரும் போய்ச் சேர்வார். பாப்பாத்தி ஊருக்குப் பஸ் ஏறும்போது மறக்காமல் சொன்னாள், "ஓடற தண்ணியில விடோணும் அம்மணி. தேங்குன தண்ணியில விட்றாத."

"செரிங்க நங்கை" என்று நாத்தனாருக்குச் சொன்னாள் மயிலாத்தாள்.

சொம்பை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்து போனாள். ஆறு ஓடவில்லை. நடு ஆற்றில் ஒரு கறுப்புப் பட்டை நகராமல் கிடந்தது, அதன்மேல் நுரை, நுரைமேல் ஒரு கொக்கு. கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சொம்பு அலுங்காமல் திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் பின்னால் வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் ஜல்லியில் ஏறி, குழாயில் இறங்கி, மீன்மேல் விழுந்து, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் ஓடுகிற தண்ணீர் என்று அது ஒன்றுதான் இருந்தது. சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் எங்கயும் போகாது, சுத்திக்கிட்டேதான் இருக்கும் என்று அவர் சொன்னது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் உச்சிவேளைக்கு ஜல்லித் தொட்டியிலிருந்து குறட்டை கேட்டது.

ருக்குமணி மிஷினை நிறுத்திவிட்டு, பின்பக்கச் சுவருக்கு மேலாக எட்டிப்பார்த்தாள். "அக்கா, அண்ணன் தூங்கறாரா?"

"ஆமா."

"செரி செரி" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போய், மிஷினுக்குக் கீழே மடித்த சாக்கைப் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. பிள்ளைகள் காலுறைப் பந்தைத் தேடி எடுத்தார்கள், மிக்ஸிகள் போர்வைக்குள் போயின, தள்ளுவண்டிக்காரன் முக்கில் நின்று காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு ஸ்பீக்கரை அணைத்தான். அவர் செத்ததிலிருந்து எவ்வளவு கத்தினாலும் யாரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தது தனக்கு என்னவோபோல இருந்தது என்று அவன் பின்னால் சொன்னான்.

அதற்குப் பிறகு செடிகள் வளர்ந்தன. அரைக்கீரை ஜல்லியை மூடியது, கத்திரி முழங்கால் உயரம் வந்து ஊதாப்பூ விட்டது, யாரும் வைக்காத தக்காளி ஒன்று ஓரத்தில் முளைத்துத் துணிக்கொடி மீது படர்ந்தது. குறட்டை உள்ளே இழுக்கும்போது இலைகள் சேர்ந்து ஒருபக்கம் சாய்ந்தன, வெளியே விடும்போது நிமிர்ந்தன. முதல் கீரையை அறுத்து மயிலாத்தாள் ருக்குமணி வீட்டுக்குத்தான் கொடுத்தாள். ருக்குமணியின் புருசன் குப்புராஜ், சென்னியப்பன் விட்ட பாய்லர் வேலைக்குப் போனவன், ராத்திரி வேலையும் பகல் முழிப்புமாகக் கண் பழுத்துக் கிடந்தான். கீரைக்கடைசலில் சோற்றைப் பிசைந்து நாலு வாய் உண்டான், ஐந்தாவது வாயைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

"அது கீரை இல்லக்கா, அண்ணன் தூக்கம்" என்றாள் ருக்குமணி. "இந்தாளு அதை உண்டுட்டான்."

இப்படித் தெரிந்தது, தெரிந்ததும் பரவியது, பரவியதும் அதற்கு ஒரு நடைமுறை வந்துவிட்டது. ராத்திரி ஷிப்ட்டுக்காரர்களுக்கு வெடியால ஒரு கைப்பிடி கீரை. வயசானவர்களுக்கு ஒரு கத்திரிக்காய், சுட்டது. தக்காளி வீரியம் அதிகம், அதைப் பாதியாக அறுத்துத்தான் கொடுப்பது. வண்டி ஓட்டப் போகிறவர்கள் ரசம் வேறாக வைத்துக்கொள்ள வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக்கூடாது. வாங்குகிறவர்கள் எதுவும் தர வேண்டாம், மீனுக்கு ஒரு கிள்ளுத் தீனி போட்டுவிட்டுப் போனால் போதும். அடுத்த வரிசையிலிருந்து வந்தார்கள், பஸ் ஏறி வந்தார்கள், மகன் செத்த தகப்பன் வந்தான், கடை முழுகினவன் வந்தான், ஒன்றும் நடக்காமலேயே தூக்கம் போய்விட்ட ஒரு டீச்சரம்மா வந்தாள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்து குறட்டையைக் கேட்டுவிட்டு, கீரையை முந்தானையிலோ துண்டிலோ மறைத்துக்கொண்டு, கால்விரலால் நடந்து போனார்கள்.

ஒருநாள் பட்டப்பகலில் கரண்டு போனது. மோட்டார் நின்றது, ஜல்லியில் தண்ணீர் வடிந்தது, குறட்டை மெலிந்து மெலிந்து ஒரு நூலாக இழுத்தது. மயிலாத்தாள் ஒரு மக்கை எடுத்துக் கீழ்த்தொட்டியில் முகந்து மேல்தொட்டியில் ஊற்றத் தொடங்கினாள். கேட்காமலேயே வரிசை வந்தது. ஆளுக்கு ஒரு மக், ஒரு சொம்பு, ஒரு குவளை என்று கொண்டுவந்து, ஒருத்தர் கை ஓய்ந்தால் இன்னொருத்தர் என்று மாறி மாறி முகந்து முகந்து ஊற்றினார்கள்.

"உசுரோட இருந்தப்ப மனுசன் ஒரு டம்ளர் தண்ணி நம்மகிட்டக் கேட்டிருப்பாரா?" என்று கிசுகிசுத்தாள் ருக்குமணி. "இப்பப் பாரு, வரிசையே சேந்து ஊத்துது."

"பேசாம ஊத்து, முழிச்சுக்கப்போறாரு" என்றான் குப்புராஜ்.

மயிலாத்தாளும் அந்தக் கீரையை உண்டு பார்த்தாள். ஒரு கைப்பிடி உண்டாள், ஒரு சட்டி உண்டாள், முழுத் தக்காளி இரண்டை உப்புத் தொட்டு உண்டாள். கண் சிமிட்டக்கூட இல்லை. அவர் தூங்கும்போது முழித்திருந்தே பழகிய உடம்பு, அவர் தூங்குகிறார் என்று காது சொல்லிக்கொண்டே இருக்க, எப்படித் தூங்கும்? மோட்டாரைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், பழுத்த இலையைக் கிள்ளினாள். அழுகையும் வரவில்லை. இருக்கிற ஆளுக்கு எதற்கு அழுவது என்றும், இல்லாத ஆளுக்கு எப்படி அழாமல் இருப்பது என்றும் இரண்டு பக்கமும் யோசித்து, இரண்டு பக்கமும் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

குப்புராஜை எழுப்புவது கடினமாகிக்கொண்டே போனது. முக்கில் கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கும், அடிக்கும், யாரும் வரமாட்டார்கள். கடைசியில் சூப்பர்வைசர் கோகுல் என்கிற பையன், கழுத்தில் அட்டை தொங்க, நேரில் சத்தம்போட வந்தான்.

"என்னங்க இது, லைனே படுத்துக் கெடக்குது? பாய்லர் ஆறிப்போனா யார் பதில் சொல்றது? யாருங்க இங்க—"

"மெல்லங்க தம்பி" என்றாள் மயிலாத்தாள். "தூங்கறாரு."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

கோகுல் சுற்றிப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், இலைகள் சாய்ந்து நிமிர்வதைப் பார்த்தான். கையிலிருந்த போனைப் பையில் போட்டான். அப்படியே குந்தி உட்கார்ந்து நெடுநேரம் கேட்டான். "எங்கம்மா தூங்கி மாசக்கணக்காச்சுங்க" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். ஒரு கட்டுக் கீரையை வாங்கி அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தீனி டப்பாவிலிருந்து ஒரு கிள்ளுப் போட்டுவிட்டுப் போனான். மறுநாள் அவனும் வேலைக்கு வரவில்லை என்று கேள்வி.

பிறகு பாப்பாத்தி வந்தாள். வாசலில் நுழையும்போதே காது கொடுத்தாள், பையைக் கீழே வைக்காமல் பின்பக்கம் போனாள், தொட்டியைப் பார்த்தாள், மயிலாத்தாளைப் பார்த்தாள்.

"அந்தச் சொம்புத் தண்ணிய எங்க விட்ட?"

"ஓடற தண்ணியிலதானுங்க நங்கை."

"எந்த ஓடற தண்ணி?"

மயிலாத்தாள் தொட்டியைக் காட்டினாள்.

"அடிப் பாதகத்தி! இது எங்கடி ஓடுது? செக்குமாடாட்டம் சுத்துதல்ல! எம்பொறந்தவன் போற வழி தெரியாம இதுக்குள்ள—" என்று கை ஓங்கிக்கொண்டு வந்தவள், அந்தச் சமயம் ஒரு நீளமான குறட்டை வந்து முடிவில் சின்னதாக ஒரு விசில் கேட்க, ஓங்கிய கையோடு நின்றாள். அப்படியே ஜல்லியோரம் உட்கார்ந்தாள். கத்திரி இலை ஒன்றைத் தலையைத் தடவுகிற மாதிரி தடவினாள்.

"சின்னதுல மூக்குல அடிபட்டுது இவனுக்கு. அதுலிருந்து இந்த விசில்" என்றாள். பிறகு குரலே இல்லாமல், "வேல, வேலன்னு ஒரு நாள் முழுசாத் தூங்கல அவன். தூங்கட்டும் அம்மணி. நீ மோட்டார மட்டும் பாத்துக்க. எழுப்பீராத" என்றாள். போகும்போது ஒரு தக்காளியை உண்டுவிட்டுப் போனாள். பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி, டிப்போவில் எழுப்பி இறக்கினார்களாம்.

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். தூங்கட்டும் அக்கா. எழுப்பீராதீங்க அக்கா. வரிசை நன்றாகத் தூங்கியது, தூங்காத நேரத்திலும் பாதி தூங்கியது. குழாயடியில் குடம் நிரம்பி வழிய நின்றார்கள், சண்டைகள் முதல் வார்த்தையிலேயே சலித்துப்போயின, வெயில் சுடவில்லை, மிளகாய் உறைக்கவில்லை.

ஒருநாள் பொழுது இறங்குகிற வேளையில், பக்கத்து வீட்டில் மிஷின் ஓடிக்கொண்டிருக்க, தூளியில் கிடந்த ருக்குமணியின் கைக்குழந்தை அழுதது. முதலில் சிணுங்கியது, அப்புறம் வீறிட்டது, வீறிட்டுக்கொண்டே இருந்தது. வரிசையில் ஒரு கதவும் திறக்கவில்லை. மயிலாத்தாள் சுவரைச் சுற்றி ஓடினாள். குப்புராஜ் குழந்தைக்கு அடியிலேயே, தூளி முதுகில் இடிக்க இடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தான். ருக்குமணி மிஷின் முன்னால் கண் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊசி அவள் ஆள்காட்டி விரலுக்குள் இறங்கி நின்றிருந்தது, வெள்ளை பனியன் துணி கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்துகொண்டிருந்தது.

மயிலாத்தாள் மிஷினை அணைத்து, சக்கரத்தைக் கையால் திருப்பி, ஊசியை மேலே எடுத்தாள். விரலைத் துணியில் சுற்றினாள்.

"வலிக்குதா ருக்கு?"

"இல்லக்கா" என்றாள் ருக்குமணி, சிரிக்காமல், கேலி பேசாமல். "ஒண்ணுமே தெரியலக்கா. நல்லாத்தான் இருக்குது."

"புள்ள அழுகறது கேட்டுதா?"

"கேட்டுது. ஆரு வீட்டுப் புள்ளையோன்னு இருந்தேன்."

மயிலாத்தாள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அது அவள் கழுத்தில் மூக்கை வைத்துத் தேய்த்து, எச்சிலும் கண்ணீருமாக ஈரமாக்கி, விம்மி விம்மி அடங்கியது. அந்த ஈரம் மட்டும் அவளுக்குச் சுட்டது. குழந்தையோடு பின்பக்கம் வந்து தொட்டிமுன் நின்றாள். எழுப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எழுப்பினால் எழுந்து போவார், கல்யாணமான நாளிலிருந்து அவள் எழுப்பிய ஒவ்வொரு நாளும் அவர் எழுந்து அவளை விட்டுப் போகத்தான் போனார், அதற்குத்தான் எழுப்பினாள். எழுப்பாவிட்டால் இருப்பார். இந்த மோட்டார் இருக்கிற வரைக்கும், மக் பிடிக்கக் கையிருக்கிற வரைக்கும் இருப்பார். வரிசையும் இப்படியே இருக்கும். விரலில் ஊசி இறங்கினாலும் நன்றாகத்தான் இருக்கும்.

குழந்தையை ருக்குமணி மடியில் விட்டுவிட்டு வந்து, அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு வடித்து, புளிக்குழம்பு வைத்து, அப்பளம் இரண்டு சுட்டு, தூக்குப்போசியில் அடைத்தாள். கத்திரி, கீரை எதுவும் அதில் சேர்க்கவில்லை. மேல் தொட்டிக்குப் பக்கத்தில் சொம்பில் தண்ணீர் வைத்தாள். வெயில் சுவர் உச்சியில் இருந்தது.

"என்னங்க" என்றாள்.

குறட்டை தடுக்கியது. வரிசையில் நாலைந்து கதவுகள் திறந்தன.

"என்னக்கா பண்றீங்க?" என்று குப்புராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல் திறந்துகொண்டு வந்தான். "வேண்டாங்க்கா. இப்பத்தான் எல்லாருக்கும் ஒரு தூக்கம்—"

"வெளிச்சம் போயிருச்சுங்க."

ஜல்லி கரகரவென்று நகர்ந்தது, யாரோ புரண்டு படுக்கிற மாதிரி. கீழே மீன்கள் எல்லாம் ஒன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வரிசைக்காரர்கள் போர்த்திய போர்வையோடு பின்பக்கச் சுவர்களுக்கு மேலாகத் தலை தலையாக நின்றார்கள். மூன்றாவது கூப்பாடு மயிலாத்தாளுக்கு வரவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள், முந்தானையால் தூக்குப்போசியின் மூடியைத் துடைத்தாள், துடைத்த மூடியையே மறுபடி துடைத்தாள். செம்மண் நிறத்தில் வெயில் சுவரை விட்டுப் போனது. அப்போது முக்கில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது.

"வண்டி வந்துருச்சு" என்றாள். "எந்திரிங்க."

குறட்டை நின்றது.

சொம்பில் தண்ணீர் மடக் மடக்கென்று இறங்கி அடி தெரிந்தது. பின்னாலேயே ஜல்லித் தொட்டியில் தண்ணீர் நீளமாக ஒரு மடக்கில் வடிந்தது, இலைகள் அசைவில்லாமல் நின்றன, கீழ்த்தொட்டியில் மீன் முதுகு நனைகிற அளவுக்கு மட்டும் மிஞ்சியது. தொட்டிக்காகப் பூசியிருந்த சிமெண்டுத் தரையில் ஓர் ஈரப் பாதம் விழுந்தது, அப்புறம் இன்னொன்று, வலது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பி, அவர் நடக்கிற மாதிரியே. பாதங்கள் அவளுக்கு முன்னால் வந்து நின்றன. அவள் தூக்குப்போசியை நீட்டினாள், நீட்டிய கையில் கனம் குறைந்தது. "பாத்துப் போங்க" என்றாள், தினமும் சொல்வதுதான்.

அந்த நேரத்தில்தான் ருக்குமணி, "அய்யோ! அய்யய்யோ என் வெரலு!" என்று வரிசையே அதிரக் கத்தினாள். கத்தினபிறகு நிற்கவில்லை. "எந்தப் பாவி மிஷின்ல ஊசி வெச்சான்! அம்மா! யோவ், ஆட்டோவக் கூப்புடுய்யா, மரமாட்டம் நிக்கற!" குழந்தை அலறியது, எதிர்வீட்டுக் கிழவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினார், யாருக்கோ பல்வலி வந்தது, யாரோ ஒருத்தி குழாயடியில் நாலு மாதத்துக்கு முந்தைய சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். மகனைப் பறிகொடுத்த அந்தத் தகப்பன், அன்றைக்கும் கீரைக்கு வந்திருந்தவன், செருப்பை மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு அழுதபடியே பஸ்ஸுக்கு நடந்தான்.

குப்புராஜ் விரலுக்கு ஈரத்துணி கட்டிவிட்டு, ருக்குமணியை எதிர்வீட்டுக்காரியோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, குழந்தையை மயிலாத்தாள் கையில் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டியபடி முக்குக்கு ஓடினான். வண்டி நின்றிருந்தது. ஜன்னலோரத்து சீட் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா, சித்த நகந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அதற்குப் பக்கத்தில் குப்புராஜ் உட்கார்ந்தான். வண்டி பட்டறைப் பக்கம் போகாமல் ஆற்றுப் பாலத்துப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி, அங்கே கொஞ்சம் நின்று, கதவைத் திறந்து மூடிவிட்டு, அப்புறம்தான் வேலைக்குப் போனது என்று குப்புராஜ் சொன்னான். அதை யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ருக்குமணி விரலில் பெரிய கட்டோடு திரும்பி வந்து, "தையல் போட்டவன் எனக்கே தைக்கச் சொல்லித் தரான்க்கா" என்று திட்டிக்கொண்டே குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எதிர்வீட்டுக் கிழவர் உள்ளே போனார். போர்வைகள் போயின. சுவர்களுக்கு மேலிருந்த தலைகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின.

மயிலாத்தாள் மட்டும் நின்றாள். வெயில் பட வைத்திருந்த டிரம்மிலிருந்து தண்ணீரை முகந்து முகந்து மீனுக்கு ஊற்றினாள், போதும் என்றதும் நிறுத்தினாள், நின்றுபோயிருந்த மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் ஏறியது, இறங்கியது. காது கொடுத்துக் கேட்டாள். மோட்டார் சத்தம்தான். ஒரு கிள்ளுத் தீனி போட்டாள். அப்போது அடிவயிற்றிலிருந்து ஏறி, தாடை நோக, காது அடைக்க, அவளுக்கு ஒரு கொட்டாவி வந்தது. கண் நிறையத் தண்ணீர் வந்து கன்னத்தில் இறங்கியது, கொட்டாவி முடிந்தபிறகும் அது நிற்கவில்லை. தரையில் பாதங்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் அவற்றை மிதிக்காமல் ஒதுங்கி, கண்ணைத் துடைக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, பாயைத் தேடி உள்ளே போனாள்.